வெந்நீர் கிண்டிய கை

என் சின்னுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அவருக்கு மனசுக்கும் குறையில்லை, எனக்குத்தான் கொஞ்ச நாளாக எதைப் பார்த்தாலும் குமட்டுகிறது. நீயாவது அங்கே இரண்டிலும் நன்றாக இருக்க வேண்டும். உன் கடிதம் வந்தது. நீ வேலை செய்யும் நூடுல்ஸ் கடையில் சாப்பிட வந்த எவளோ ஒருத்தி உன் முகத்தைப் பார்த்துவிட்டு, இந்தப் பொண்ணா இதைச் செய்றா, அப்போ இது அசல் இல்லையே என்று கேட்டாளாம், அதைக் கேட்டு உன் முதலாளி உன்னைத் திரைக்குப் பின்னால் நின்று சமைக்கச் சொல்கிறாராம், முன்னால் அந்த நூடுல்ஸ் நாட்டுப் பெண் ஒருத்தியை மாவோடு நிறுத்தப் போகிறாராம். திரைக்குப் பின்னாடி போகட்டுமாம்மா, இல்ல வேலையை விட்டுடட்டுமா என்று கேட்டிருக்கிறாய். சொல்கிறேன். அதற்கு முன்னால் இங்கே நடந்த கூத்தைக் கொட்டிவிடுகிறேன், தொண்டையிலேயே நிற்கிறது.

உன் மாமா தன் சாப்பாட்டுக் கடையின் முன்சுவரை இடித்துவிட்டுக் கண்ணாடி போட்டது உனக்குத் தெரியும். தெருவில் போகிறவர்கள் சமையலைப் பார்த்தே உள்ளே வர வேண்டுமாம். வந்தார்கள், பார்த்தார்கள், அடுப்பு முன்னால் தீக்குச்சி நின்றான். தீக்குச்சி என்பது அங்கே சமைப்பவனுக்கு மற்ற வேலையாட்கள் வைத்த பெயர், ஆள் ஒல்லி, உரசினால் பற்றிக்கொள்வான். நம் ஆள் இல்லை, வேறு நாடு, வேறு பாஷை, நம் பாஷையில் திட்டுவதற்கு மட்டும் சரளமாக வரும். ஆனால் பத்து வருஷமாக அந்தக் கடையின் குழம்பு என்றால் அவன் குழம்புதான். கண்ணாடி போட்ட முதல் வாரமே நம் ஆட்கள் நாலு பேர் முகத்தைச் சுளித்தார்கள், என்னப்பா, நம்ம சாப்பாடுன்னு போர்டு போட்டுட்டு வேத்து ஆளை வச்சுக் கிண்டுறே, அதான் ருசி ஒரு மாதிரி இருக்கு என்றார்கள். பத்து வருஷம் வழித்து வழித்துத் தின்ற வாய்கள்! உன் மாமா அன்று சாயங்காலமே வீட்டுக்கு ஓடி வந்தான், அக்கா, நீ வந்து கண்ணாடிகிட்ட நின்னா போதும், அவன் பின்னாடி ரூம்ல சமைக்கட்டும் என்றான். தையல் கடை மூடியதிலிருந்து நானும் வீட்டில் சும்மாதானே இருந்தேன், தம்பி கேட்கிறானே என்று போய் நின்றேன்.

என் சமையல் லட்சணம் உனக்குத் தெரியாததா. சின்ன வயசிலேயே நீ என் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கியது என் குழம்புக்குப் பயந்துதான் என்று அப்பா இன்றைக்கும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார். அப்படிப்பட்டவளுக்குக் கரை வைத்த புடவை, அகலப் பொட்டு, தலைக்கு மேல் கொண்டை, துடுப்பு மாதிரி ஒரு கரண்டி. அண்டாவில் என்ன தெரியுமா, வெந்நீர். நிறத்துக்குக் கொஞ்சம் மஞ்சள் தூள், அவ்வளவுதான். காலையில் ஆரம்பித்தால் பந்தி முடிகிற வரைக்கும் நான் வெந்நீர் கிண்டுவேன், எனக்குப் பின்னால் சன்னல்கூட இல்லாத அறையில் தீக்குச்சி நிஜமாகவே வெந்துகொண்டிருப்பான். அவன் சமைத்தது சுவரில் இருக்கிற ஒரு சின்னத் திறப்பு வழியாக வரும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறது என்பார்களே, நாங்கள் ஒரு முழு மனுஷனையே மறைத்துவிட்டோம். அதே நாலு பேர் திரும்ப வந்து சாப்பிட்டுவிட்டு, இப்பத்தான்யா நம்ம கைமணம் தெரியுது என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது முதல் நாள் மட்டும்தான்.

உன் கடிதம் வந்தது அந்தச் சமயத்தில்தான். கடைக்கு எடுத்துப் போய் மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். அவன் குதித்த குதியைப் பார்க்க வேண்டுமே, நம்ம பொண்ணை ஒளிச்சு வைக்கிறதா, அவனெல்லாம் மனுஷனா, உழைப்பு அவளுது பேரு இன்னொருத்திக்கா என்று மேசையைத் தட்டினான். நான் பின்னறைப் பக்கம் கையைக் காட்டினேன். அக்கா, அது வேற, இது வேற என்றான். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். தம்பியாகப் போய்விட்டான், இல்லாவிட்டால் அந்தக் கரண்டிக்கு அன்றைக்கே வேலை வந்திருக்கும்.

இதற்கு நடுவில் நம்மவர்கள் சங்கத்துத் தலைவர் சாப்பிட வந்தார், நாக்கு ருசிக்குப் பேர் போனவர் என்று அவரே சொல்லிக்கொள்வார். சாப்பிட்டார், கண் கலங்கினார், எழுந்து நேராக உள்ளே வந்து என் வலது கையைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். உதட்டில் எண்ணெய், மீசையில் பருக்கை. இந்தக் கைதான்மா, இது ரத்தத்துல வரணும், வேத்து ஆளுக்கு நூறு வருஷமானாலும் வராது என்றார். என் கையில் இருந்தது பாத்திரம் தேய்க்கிற சோப்பு வாசனை. அவர் போன பிறகு எத்தனை தடவை கழுவினேனோ, அந்த மூச்சு பட்ட இடம் இன்னும் கூசுகிறது. அதோடு விட்டாரா, ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக் குடும்பங்களையெல்லாம் கூட்டி வரேன், நீங்க எங்க கண்ணு முன்னாடி அரிசி களையறதுலேருந்து செஞ்சு காட்டணும் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் உன் மாமா தலையாட்டிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை நானே சமைத்தேன் சின்னு. தீக்குச்சி திறப்பு வழியாக, தீயைக் குறை, தீயைக் குறை என்று கத்தினான், அதற்குள் அடிப்பிடித்துவிட்டது. உப்பு கூடிப்போய் அதைச் சரிக்கட்டப் புளியை விட்டேன், புளியைச் சரிக்கட்ட இன்னும் எதையோ போட்டேன். அவன் ஒரு விரல் நக்கிப் பார்த்துத் துப்பிவிட்டுத் தன் பாஷையில் ஏதோ சொன்னான், அதற்கு அர்த்தம் கேட்க வேண்டியதில்லை. இலைக்கு இலை ஊற்றினார்கள். எல்லோரும் முதல் வாயில் நிறுத்தினார்கள். அப்பாடா, குட்டு உடைந்தது, இந்த வேஷம் ஒழிந்தது என்று எனக்கு உள்ளுக்குள் நிம்மதிகூட வந்தது. அப்போது தலைவர் விரலை நக்கிக்கொண்டே, இதான்யா அசல், இந்த அடிப்பிடிச்ச வாசனை இருக்கே, இது நம்ம வீட்டு வாசனை என்றார். உடனே அத்தனை தலையும் ஆடியது. ஒரு அம்மா என்னிடம் வந்து, எவ்வளவு நேரம் தீய விடணும் என்று பக்குவம் கேட்டாள். இரண்டாந்தரம் வாங்கிச் சாப்பிட்டார்கள்! உன் அப்பா ஓரத்தில் உட்கார்ந்திருந்தார், கல்யாணமான நாளாய்த் தான் பட்டதை ஊரே ஒரே மத்தியானத்தில் பட்டுவிட்டது என்று வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் காலையில் மாமா தீக்குச்சியைக் கூப்பிட்டு, மத்தியானச் சமையலோடு கிளம்பிவிடு என்று சொல்லிவிட்டான். ஏன்டா என்று கேட்டால், நீ எதைப் போட்டாலும் சாப்பிடுறாங்கக்கா, அப்புறம் அவன் கோபத்தை நான் எதுக்குத் தாங்கணும் என்கிறான். அவ்வளவுதான், பத்து வருஷத்துக் கை. தலைவர் அன்றைக்கும் வந்து உட்கார்ந்து, ரெண்டு தரம் குழம்பு கேட்டு வாங்கி, கண்ணாடி ஓரம் நின்ற என்னைப் பார்த்துக் கும்பிட்டார். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. பின்னறைக்குப் போய்த் தீக்குச்சியின் கையைப் பிடித்து இழுத்து வந்து கண்ணாடி முன்னால் நிறுத்தினேன். பத்து வருஷமா நீங்க சாப்பிட்டது இவர் கை, இப்ப உங்க இலையில இருக்கிறதும் இவர் கை, நான் கிண்டினது இதுதான் என்று அண்டாவைச் சாய்த்துக் காட்டினேன். வெந்நீர் தரையெல்லாம் ஓடியது. தலைவர் வாயில் இருந்ததை விழுங்கலாமா துப்பலாமா என்று ஒரு நிமிஷம் தவித்தார், பிறகு விழுங்கிவிட்டு, நான் அப்பவே நினைச்சேன், என்னவோ குறையுதேன்னு என்று எழுந்து கை கழுவப் போனார். பாதிப் பேர் அவர் பின்னாலேயே போனார்கள். ஒரு டிரைவர் மட்டும் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்துங்கண்ணே என்று தீக்குச்சியிடம் இலையைக் காட்டினார், அந்தப் புண்ணியவான் நன்றாக இருக்கட்டும். மாமா அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. தீக்குச்சிக்கு வேலையும் திரும்பக் கிடைக்கவில்லை.

நான் கடையில் விட்டுவந்த மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க நேற்று தீக்குச்சி நம் வீட்டுக்கு வந்தான். உட்கார வைத்து உன் கதையைச் சொன்னேன், அவனைவிட யாருக்கு அது புரியும் என்று நினைத்து. கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்குகிறான், அந்த நூடுல்ஸா, உங்க பொண்ணு செய்யலாம் அக்கா, ஆனா அது அந்த நாட்டுக்காரங்க கைக்குத்தான் வரும் என்கிறான். உங்க நாட்டுச் சாப்பாட்டை நாங்க செய்தா என்றேன், சிரித்தே விட்டான், அது எங்க ரத்தத்துல இருக்கு என்றான். தலைவர் மீசையில்லாமல் என் கூடத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. அட பாவி, உனக்குமாடா என்றேன். பிறகு உள்ளே போய் ஒரு தட்டு நிறையச் சோறு போட்டு என் குழம்பை ஊற்றிக் கொண்டுவந்து வைத்தேன், முழுசும் சாப்பிடுகிற வரை பக்கத்திலேயே நின்றேன். என் கையில் வேறென்ன தண்டனை இருக்கிறது.

இப்போது உனக்குப் பதில். திரைக்குப் பின்னால் போகாதே. இன்றைக்கு முன்னால் நிற்கப் போகிற பெண் வெறும் மாவை உருட்டிக்கொண்டு நிற்பாள், அவள் மேல் கோபப்படாதே, அவளும் யார் பெற்ற பிள்ளையோ. ஆனால் என்றைக்காவது ஒருநாள் அவள் கைக்கு வந்ததைச் செய்து வைப்பாள், அதையும் அசல் என்று தின்பார்கள், மறுநாள் நீ வேண்டாதவள். நான் கண்ணால் பார்த்தது இது. முகத்தோடு நிறுத்தினால் நில், இல்லையென்றால் கிளம்பு, உன் அறை பெருக்கித்தான் வைத்திருக்கிறேன். மணிக்கட்டில் சுட்டுக்கொண்டதாக எழுதியிருந்தாயே, அந்தப் புண்ணுக்கு மருந்து போடு, உப்பு பார்க்கிறேன் என்று அதையே சாப்பாடாக்காமல் உட்கார்ந்து சாப்பிடு. அப்பா உனக்கு ஆசி சொல்லச் சொன்னார், சீக்கிரம் வந்து அடுப்பை வாங்கிக்கொள்ளவும் சொன்னார். உன் கையும் முகமும் ஒன்றாக நன்றாக இருக்கட்டும் கண்ணு.

மறக்காதே, அடுத்த கடிதத்தில் நீ அடுப்பு முன்னால் நிற்கிற படம் ஒன்று வை. தொப்பி இல்லாமல், முகம் முழுசும் தெரிய வேண்டும். தீக்குச்சி அடுத்த தடவை வரும்போது சோற்றுத் தட்டுக்கு எதிரே மாட்டி வைக்கப் போகிறேன்.

இப்படிக்கு,
அடிப்பிடித்த குழம்புக்கு ஊரறிந்த சொந்தக்காரி,
உன் அம்மா