கூரை பிரிக்க வருகிறவர்களுக்குச் சோறு

அன்பு மகன் பூன்சோமுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் சுகமாக, ஒரு கூரையின் கீழே இருக்கிறோம். சனிக்கிழமைக்குப் பிறகு இந்த வாக்கியத்தில் கூரையை எடுத்துவிட வேண்டியிருக்கும் என்பதால் இப்போதே முழுதாக எழுதிவிடுகிறேன். தாய்லாந்து மீன் ஆலையில் உப்புத் தண்ணீர் பட்டு உன் விரல்கள் வெடித்திருந்தனவே, ஆறிவிட்டதா, கையுறை கொடுத்தார்களா, சாப்பாட்டுக்கு அரிசி நம் அரிசி மாதிரி ஒட்டுகிறதா என்று அடுத்த தடவை சொல். போனில் பேசாமல் கடிதம் எழுதுவது ஏன் என்று நினைப்பாய். சிக்னல் கிடைப்பது ஊர் ஆவியின் மேடைக்குப் பக்கத்தில்தான், அங்கே இப்போதெல்லாம் யாராவது ஒருவர் சும்மா நிற்கிறார். பேசினால் அவருக்கும் பிடிக்கிற மாதிரி பேச வேண்டியிருக்கிறது. இதை உப்பு லாரிக்காரர் கையில் கொடுத்து அனுப்புகிறேன், அவருக்கு லாவோ எழுத்து படிக்கத் தெரியாது, அதற்காகவும் ஸ்தோத்திரம்.

விஷயம் இதுதான். மழை பிந்தியது, எருமைகள் கழிச்சல் வந்து செத்தன. கால்நடை டாக்டர் வந்து அது நோய் என்று சொல்லி மருந்து கொடுத்துவிட்டுப் போனார். அவர் போன பிறகு ஊர்க்கூட்டம் கூடி, இயேசுவைக் கும்பிடுகிற நாலு வீட்டார் ஜெபம் பண்ணியதால்தான் ஊர் ஆவிக்குக் கோபம் என்று முடிவு செய்தது. நம் ஜெபத்துக்கு எருமையை வீழ்த்துகிற வல்லமை உண்டு என்று நான் கூட இதுவரை நம்பியதில்லை. அந்த நாலு வீட்டாரும் ஆவியின் முன்னால் வைக்கிற சாடியில் மது குடித்து ஊரோடு சேர வேண்டும், இல்லாவிட்டால் வருகிற சனிக்கிழமை வீட்டைப் பிரித்துவிடுவோம், ஊரைவிட்டுப் போக வேண்டும் என்றார்கள். மற்ற மூன்று வீட்டாரும் குடித்துவிட்டார்கள். அவர்களைக் குறைவாக நினைக்காதே, கைக்குழந்தையை வைத்துக்கொண்டு காட்டில் இருக்க முடியாது. ஆற்றின் கீழ்ப்பக்கத்து ஊரில் குடிக்காமல் நின்ற சீசாயை உனக்குத் தெரியும், நமக்கெல்லாம் பாட்டு சொல்லிக் கொடுத்தவர். அங்கே வீட்டுக்கு நெருப்பு வைத்தார்கள். மறுநாள் அவரை மாவட்ட அலுவலகத்துக்கு ஒரு பேச்சுக்காக அழைத்துப் போனார்கள், இன்னும் பேசி முடியவில்லை. அவர் மனைவி மாற்றுத்துணி எடுத்துக்கொண்டு போனபோது, அவர் நன்றாக இருக்கிறார், துணி தேவைப்படாது என்று மரியாதையாகச் சொல்லித் திருப்பி அனுப்பினார்களாம்.

உன் மாமா ஒன்தாதான் இந்த வருஷம் ஊர்த்தலைவர் என்பது நமக்குச் சௌகரியமா அசௌகரியமா என்று எனக்கே தெரியவில்லை. போன வாரம் பின்வாசல் வழியாக வந்தார். அண்ணன் தங்கை வீட்டுக்குப் பின்வாசல் வழியாக வருகிற காலம். சாடியில் குழல் போட்டு உறிஞ்சும்போது ஒருவர் எருமைக்கொம்பில் தண்ணீர் அளந்து மேலே விட்டுக்கொண்டே இருப்பார் இல்லையா, கொம்பு காலியானால்தான் குடித்த கணக்கு. அப்பா குடிக்கும்போது அந்தக் கொம்பை மாமாதான் பிடிப்பாராம். "மாப்ள, நீங்க குழல்ல வாய மட்டும் வைங்க, உறிஞ்ச வேணாம். தண்ணிய நான் தரையில விட்டுடறேன். நான் எதையும் பாக்கல" என்றார். அப்பா கூடைக்கு மூங்கில் சீவிக்கொண்டிருந்தார். வெகு நேரம் சீவினார். சரி என்று சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது, சொல்லிவிட மாட்டாரா என்றும் இருந்தது. கடைசியில், "நீங்க பாக்காம இருந்துடுவீங்க மச்சான். பாக்கறவர் ஒருத்தர் இருக்காரே, அவர என்ன பண்றது" என்றார்.

மாமா எழுந்துவிட்டார். வீட்டிலிருந்து இறங்குகிற ஏணி வரைக்கும் நான் போனேன். அங்கே நின்று இன்னொரு வழி சொன்னார். ஒரு வீட்டுக் கூரையில் கை வைக்கிறவன் முதலில் அந்த வீட்டு அடுப்பில் வெந்த சோற்றைச் சாப்பிட வேண்டும், சாப்பிடாமல் தொட்டால் அந்த வீட்டுப் பீடை அவன் வீட்டுக்கு வந்துவிடும், இது ஊர் ஆவியின் சட்டம். நம் வீடு கட்டும்போது பன்றி அடித்துப் போட்டது உனக்கு ஞாபகம் இருக்கும். பிரிப்பதற்கும் அதே சட்டம்தானாம். "பாப்பா, சனிக்கிழம அடுப்பப் பத்த வைக்காத. ஒருத்தனும் ஏறமாட்டான். இத அண்ணனா சொல்றேன், தலைவனா இல்ல" என்றார்.

நல்ல யோசனை. பொய் சொல்ல வேண்டாம், குடிக்க வேண்டாம், ஒரு நாள் சோம்பேறியாக இருந்தால் வீடு மிஞ்சும். நீயும் போனில், "வாயால சொல்லிட்டுப் போங்கம்மா, மனசுல இருந்தா போதும்" என்றாயே, இதில் வாயால்கூட ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. ரொம்ப யோசித்தேன் கண்ணு. யார் முன்னால் குடிக்க மாட்டோம் என்றோமோ அதே ஆவியை வாசலில் காவல் வைத்துவிட்டு, நாம் உள்ளே உட்கார்ந்து ஸ்தோத்திரப் பாட்டு பாட வேண்டும். கர்த்தர் கைவிட்டார், ஆவி காப்பாற்றியது என்று ஊர் சொல்லும், அது உண்மையாகவும் இருக்கும். அப்பாவிடம் சொன்னேன். "அரிசி எவ்வளவு ஊறப் போடணும்?" என்று மட்டும் கேட்டார்.

ஆகவே சமைக்கிறேன். உன் கல்யாணத்துக்கு வளர்த்த பன்றிதான், பெண் வீட்டாருக்கு நீயே பக்குவமாக ஒரு வார்த்தை சொல்லிவிடு. பிரம்புக் குருத்துக் கசப்புக் குழம்பும் வைக்கிறேன். பெரிய பானை பக்கத்து வீட்டு புவா கொடுத்தாள். அவள் வீட்டுக்காரர்தான் கூரை ஏற ஏணி கொண்டு வருகிறார். "அக்கா, மிளகாய கொறச்சுப் போடுங்க, அவருக்கு ரெண்டு நாளா வயிறு சரியில்ல" என்று சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். குறைத்துத்தான் போடப் போகிறேன். சாப்பிடுமுன் சோறு போடுகிற வீட்டுக்காரர் நாலு வார்த்தை சொல்ல வேண்டும், அது முடியும் வரை யாரும் சோற்றைத் தொடக்கூடாது, இதுவும் அவர்கள் சட்டம். அப்பா நம் கர்த்தருக்கு நன்றி சொல்லி எல்லோர் பெயரையும் சொல்லி ஜெபிக்கப் போகிறார். நம் வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு இத்தனை பேர் ஒரு நாளும் வந்ததில்லை.

இன்று காலை மாமா மறுபடி வந்தார். முன்வாசல் வழியாகவே. ஊறுகிற அரிசியைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். போகும்போது திரும்பாமலே, அப்பாவுக்குக் கனமான சட்டை ஏதாவது இருக்கிறதா, மாவட்ட அலுவலகத்தில் ராத்திரி குளிரும் என்றார். இருக்கிறது என்று சொல்லி வைத்தேன்.

மாமாவிடம் கோபம் வைக்காதே. ஒரே ஆள் அண்ணனாகவும் தலைவராகவும் இருப்பது சுலபமில்லை. நீ இப்போது ஊருக்கு வரவேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போ, ஷிப்ட் என்று சாக்குச் சொல்லாதே. இங்கே எங்களைக் காப்பவர் அங்கே உன்னையும் காப்பார், உன் கைகளை ஆசீர்வதிப்பார், உன் வாய் சொல்வதும் மனம் நினைப்பதும் ஒன்றாக இருக்கும்படி செய்வார். ஒரே ஒரு வேலை மட்டும். அப்பாவுக்கு ஒரு கனமான சட்டை வாங்கி, சந்தை ஊரில் சித்தி வீட்டு முகவரிக்கு அனுப்பு. நம்மிடம் அப்படி ஒன்று இல்லை. வாங்கிப் போட்டுக்கொள்ள அவர் இருப்பார் என்கிற விசுவாசத்தோடு, அளவு சரியாகப் பார்த்து வாங்கு.

உன்னை எப்போதும் ஜெபத்தில் தாங்கும்
அம்மா மணிவோன்