மூடுபனியில் அடித்த தண்டவாளம்

மூடுபனிக்குள் போய்த் திரும்பாத என் அன்பு அப்பாவுக்கு,

நேற்று முன்தினம் நம் எஸ்தரை, என் தங்கையை, இழந்துவிட்டேன் என்றே நினைத்தேன். இதைப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். உங்களுக்கு எட்டாவிட்டாலும், உங்களை அந்த மழையில் அனுப்பிய பாதிரியார் கண்ணில் பட்டால் போதும்.

ஆம், அதை நான் மறக்கவில்லை. பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் சாகக் கிடந்தவருக்கு ஜெபிக்கப் பாதிரியாரே காரில் போயிருக்கலாம். உபதேசியாரான உங்களைக் குறுக்குப் பாதையில் நடக்கவிட்டார். பனி இறங்கினால் ஜெப வீட்டு வாசலில் தொங்கும் தண்டவாளத் துண்டைச் சுத்தியலால் அடித்து, மலையில் கொழுந்து பறிப்பவர்களைக் கூப்பிடுவது உங்கள் வழக்கம். அன்று அடிக்க வேண்டியவரே பனிக்குள் இருந்தீர்கள். அட்டனில் விடுதியில் படித்துக்கொண்டிருந்த எனக்குச் செய்தி வந்தபோது உங்களைப் பள்ளத்திலிருந்து உயிரில்லாமல் தூக்கியிருந்தார்கள். உங்களுக்காக ஏன் யாரும் அடிக்கவில்லை? உங்கள் கர்த்தரிடம் பலமுறை கேட்டுவிட்டேன்.

பிறகு இந்தத் தீவில் வெள்ளைக்காரன் கொடி இறங்கியது. தோட்டத் தமிழரான நம் குடியுரிமையும் வாக்கும் போயின. நீங்கள் கல் சுமந்து ஜெப வீடு கட்டிய இந்த அக்கரப்பத்தனை மண்ணில் நாம் யாரோவாம். நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். எஸ்தர் கொழுந்து பறிக்கிறாள். ஜெப வீட்டுக்கு அவள் போகிறாள். நான் போவதில்லை.

நேற்று முன்தினம் மத்தியானம் மழையோடு பனியும் இறங்கியது. மேல்மலையில் ஏதோ உருண்டு விழும் சத்தம். திருநீறு கரைந்து வழிய முத்தையா கங்காணி ஓடி வந்தார். கொழுந்து பறிக்கப் போன பெண்களில் பாதிப் பேர்தான் அவரோடு வந்து சேர்ந்திருந்தார்கள். எஸ்தர் இல்லை.

“மாஸ்டர், கூப்புட்டுப் பாத்தேன், கொரலு போய்ச் சேரல. ஒங்க அய்யா அடிப்பாருல்ல, அத அடிங்க.”

“அடிச்சா சரிஞ்ச மண்ணு திரும்ப ஏறிக்குமா?”

“ஒங்க வியாக்கியானத்த அப்புறம் வச்சுக்கலாம். மொதல்ல சுத்தியல எடுங்க!”

அவர் ஆட்களோடும் கயிற்றோடும் சுற்றுப் பாதையில் ஏறினார். நான் ஜெப வீட்டு வாசலுக்குப் போய் அடித்தேன். முகத்துக்கு எதிரே வெள்ளைச் சுவர். ஒவ்வோர் அடிக்குப் பிறகும் காது கொடுத்தேன், மழைதான் கேட்டது. யாரும் வரவில்லை. வீண் வேலை என்று தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. நிறுத்தினால் அவள் செத்துவிட்டாள் என்று நானே சொன்னதாகிவிடும். விசுவாசம் இல்லை அப்பா, பயம். உள்ளங்கைத் தோல் உரிந்தது.

பனி விலகத் தொடங்கிய பிறகு எல்லோரையும் கங்காணி கூட்டி வந்தார். சேறும் அட்டையுமாக வந்து நின்ற எஸ்தர் முதலில் கேட்டது இதுதான்:

“என்னண்ணே, சாவு வீட்டுத் தப்புமேளம் மாதிரி அடிக்கிறே? அப்பா அடிச்சா ஒரு தாளம் இருக்கும்.”

அறையத்தான் கை ஓங்கினேன். அழுதுவிட்டேன். “சத்தம் கேட்டும் ஏன் வரல?”

“எந்தப் பக்கம்னு தெரிஞ்சாத்தானே? பனியில நாலு பக்கமும் கேட்டுச்சு. யாரோ நம்மளத் தேடுறாங்கன்னு மட்டும் வெளங்குச்சு. அதான், செடியப் புடிச்சிக்கிட்டு அங்கனயே உக்காந்துட்டோம்.”

மறுநாள் போய்ப் பார்த்தேன். அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்குச் சற்றுக் கீழே பாதையே இல்லை. வழி தேடி நடந்திருந்தால் அத்தனை பேரும் போயிருப்பார்கள்.

சின்ன வயதில், ஆள் தெரியாத பனிக்குள் நீங்கள் அடிப்பதை நான் கேலி செய்யும்போது, “கண்ணுக்குத் தெரியலேன்னா ஆளு இல்லேன்னு ஆயிடுமாடா?” என்பீர்கள். அதைப் பிரசங்கம் என்றே நினைத்திருந்தேன். இப்போது வேறொரு சந்தேகம். நீங்களும் பயந்துகொண்டேதான் அடித்தீர்களா? உங்கள் விசுவாசம் என்பது அதுதானா? ஒரு தடவை அதைச் சொல்லியிருக்கக் கூடாதா, அப்பா?

இன்றைக்கும் எஸ்தர் மலைக்குப் போயிருக்கிறாள். போகாவிட்டால் அடுப்பு எரியாது. இதை எழுதும்போதே ஜன்னலில் வெள்ளை ஏறுகிறது.

ஜெபிப்பேன் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். பாதிரியாரை மன்னிப்பதாகவும் இல்லை. ஆனால் எஸ்தர் எங்கள் லயத்து வீட்டு வாசலில் வந்து நிற்கும்வரை, இன்றைக்கும் இனி பனி இறங்கும் எந்த நாளிலும், சுத்தியலைக் கீழே வைக்க மாட்டேன். அந்தப் பனிக்குள் நீங்களும் எங்கேயாவது உட்கார்ந்திருந்தால் உங்களுக்கும் கேட்கும். நகராமல் இருங்கள், அப்பா.

எஸ்தரின் அண்ணன்,
உங்கள் மகன்
சாமுவேல்