முதல் வரியில் போட்ட படிப்பு

கல்புகோ,
ஜனவரி 4, சனிக்கிழமை.

என் லியாண்ட்ரோவுக்கு,

இங்கே எல்லோரும் நலம் என்று ஆரம்பித்தால் அது பொய். நீ அங்கே நலமா என்று கேட்டால் அது நடிப்பு. இரண்டையும் விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

உன் வீட்டுக்கார அம்மா சபீனா புதன்கிழமை போன் செய்தார். புத்தாண்டு வாழ்த்துச் சொல்லக் கூப்பிடுகிறார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே எடுத்தேன். அவர், "தப்பா எடுத்துக்காதீங்கம்மா, உங்க பையன் நாலு நாளா ரூமை விட்டு வெளிய வரல. தட்டினா குரல் மட்டும் வருது. வாசல்ல வெச்ச சூப்பு அப்படியே ஆறிக் கிடக்கு" என்றார். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தது. ஆகஸ்டிலிருந்து நீ வகுப்புக்கே போகவில்லையாம். கார் கழுவும் இடத்தில் வேலை பார்த்தாயாம். நவம்பரில் அதுவும் போய்விட்டதாம்.

கிறிஸ்துமஸுக்கு ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு, இந்தக் கோடை முழுக்கச் சுரங்கத்தில் பயிற்சி என்று எனக்குச் செய்தி அனுப்பினாய். நான் அதை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன். ரொட்டிக்கடை எர்மிந்தா, "நம்ம இன்ஜினியரு அதுக்குள்ள சுரங்கத்துல இறங்கிட்டாரா? இனிமே எங்க கடை ரொட்டி அவரு தொண்டையில இறங்குமா?" என்று கிண்டல் செய்தாள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். இப்போது அந்தக் கடைப் பக்கமே போகாமல் சுற்றுவழியில் வேலைக்குப் போகிறேன்.

உன்னைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. உன்னைத் திட்டுகிற தகுதி எனக்கு இல்லை. ஏன் இல்லை என்பது உனக்கும் எனக்கும் மட்டும் தெரியும். நேற்று முன்தினத்திலிருந்து அப்பாவுக்கும் தெரியும்.

போன ஜனவரியில் நாம் இருவரும் சமையலறை மேசையில் கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நினைக்காத நாள் எனக்கு இல்லை. பொதுத் தேர்வு மதிப்பெண் வந்துவிட்டது. வேண்டிய படிப்புகளை விருப்ப வரிசையில் பட்டியல் போட்டு அனுப்ப நான்கு நாள் அவகாசம். நீ முதல் வரியில் பாலர் பள்ளி ஆசிரியர் படிப்பைப் போட்டாய். ஒசோர்னோவில், வீட்டிலிருந்து இரண்டு மணி நேரப் பயணம். அதற்கு முந்தின வாரம்தான் அப்பா தன் போனில் அரசாங்கத்தின் சம்பளப் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு உன்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். எந்தப் படிப்பு முடித்தவர்களுக்கு நாலாவது வருடத்தில் எவ்வளவு வருகிறது என்று அதில் இருந்தது. சுரங்கப் பொறியியல் உச்சியில். பாலர் பள்ளி ஆசிரியரைத் தேடி அவர் விரல் கீழே போய்க்கொண்டே இருந்தது. கடைசியில், "இதுல பாதி கூட இல்லியேடா. உங்கம்மா பதினாறு வருஷமா புள்ளைங்க மூக்கைத் தொடைக்கிறா. குளிருக்கு விறகு வாங்கணும்னா நான்தான் தண்ணிக்குள்ள இறங்க வேண்டியிருக்கு" என்றார். நீ எழுந்து போய்விட்டாய். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல்.

சுரங்கத்தை முதல் வரிக்கு ஏற்றும் யோசனையைச் சொன்னவள் நான். நீயாக அப்படிச் செய்யவில்லை. "சுரங்கத்தை மொதல்ல போட்டுடு. போன வருஷ கட்-ஆஃப் உன் மார்க்கை விட முப்பத்தெட்டு ஜாஸ்தி. உனக்குக் கிடைக்கவா போகுது? அப்பா மனசும் குளிரும், ரெண்டாவது வரியில இருக்கிறது தானா உன் கைக்கு வந்துடும்" என்றேன். ஏதோ நானே கண்டுபிடித்த தந்திரம் போல அவ்வளவு பெருமை எனக்கு. "கிடைச்சிடுச்சுன்னா?" என்று நீ கேட்டாய். நான் சிரித்தேன்.

அந்த வருடம் பார்த்து கட்-ஆஃப் சரிந்தது. மேல் வரியில் இடம் கிடைத்துவிட்டால் கீழே இருப்பதெல்லாம் அடிபட்டுப் போகும். பள்ளி முடித்த எந்தப் பிள்ளைக்கும் தெரிந்த விதி இது. முடிவு வந்த அன்று அப்பா ஆட்டை முழுசாக நெருப்பில் வாட்டித் தெருவையே கூப்பிட்டுச் சாப்பாடு போட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் ஒரு வார்த்தை வற்புறுத்தலீங்க. அவனாவே மொதல் வரியில போட்டான்" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். நீ மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்தாய். நான் உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டு குனிந்தே இருந்தேன். ஒரு வருடம் வீட்டிலிருந்து மறுபடி தேர்வு எழுதுகிறேன் என்று நீ ஆரம்பித்தபோது மேசைக்கு அடியில் உன் காலை மிதித்தேன். அவர் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. உன்னுடையதைக் கெடுக்க மட்டும் வந்தது.

வியாழன் மதியம் அப்பா கடலுக்கடியில் சால்மன் மீன் கூண்டு வேலை முடிந்து படகிலிருந்து வந்ததும், சாப்பாடு போடுவதற்கு முன்பே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். தட்டு பறக்கும் என்றுதான் நினைத்தேன். அவர் உட்கார்ந்தபடியே, "என்கிட்ட நேரா சொல்ல முடியாம, ரெண்டு பேரும் சேர்ந்து என்னை ஏமாத்துற அளவுக்கு நான் அவ்வளவு பொல்லாதவனா, நெல்தா?" என்று கேட்டார். அன்று அவர் சாப்பிடவில்லை. இதை நான் பட்டுத்தான் ஆகவேண்டும், நீ இதற்காக வருத்தப்படாதே.

நேற்று அவர் என் பாலர் பள்ளிக்கு வந்தார். பதினேழு வருடத்தில் முதல் தடவை. வேலிக்கு வெளியே தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் எங்களை அத்தை என்று கூப்பிடுவது போல, ஜூலை விடுமுறையில் இரண்டு வாரம் நீ வந்தபோது உன்னை மாமா என்று கூப்பிட்டார்கள் அல்லவா? அதில் ஒரு வாண்டு வேலியருகே ஓடி, "நீங்க லியாண்ட்ரோ மாமாவோட அப்பாதானே? அவரு மாதிரி தவளை கத்தத் தெரியுமா?" என்று கேட்டது. அப்பா தெரியாது என்றார். அது, "அய்யே" என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டது.

பிறகு என் பக்கம் திரும்பாமல் ஒவ்வொன்றாகக் கேட்டார். "ஆம்பளையை இதுக்கெல்லாம் சேத்துக்குவாங்களா?" சேர்த்துக்கொள்வார்கள் என்றேன். "பெத்தவங்க ஒரு மாதிரியா பாக்க மாட்டாங்களா?" சிலர் பார்ப்பார்கள் என்றேன். "சம்பளம்?" ஏறவில்லை என்றேன். அவரிடம் இனிமேல் எதையும் பூசி மெழுகுவதாக இல்லை. உன்னிடமும்தான். இந்தச் சம்பளத்தில் மாதக் கடைசி ஒவ்வொரு முறையும் இழுபறிதான். சில நாள் வீட்டுக்கு வந்து பிள்ளைகளின் சளியும் எச்சிலும் ஒட்டிய சட்டையைத் துவைக்கும்போது, அந்தச் சம்பளப் பட்டியலின் மேல் வரியில் இருப்பவர்கள் மேல் எனக்கும் பொறாமை வந்திருக்கிறது. மறுநாள் காலையில் கதவைத் திறந்ததும் எட்டு பேர் என் பாவாடையைப் பிடித்துக்கொள்வார்கள். அப்போது பொறாமை நினைவுக்கு வருவதில்லை, அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.

இந்த வருட விருப்பப் பட்டியல் திங்கட்கிழமை காலை திறக்கிறது. வியாழன் பகல் ஒரு மணிக்கு மூடிவிடும். உன் மதிப்பெண் செல்லுபடியாவது இதுதான் கடைசி முறை. இலவசப் படிப்பில் இருப்பவர்கள் ஒரே ஒரு தடவைதான் படிப்பை மாற்றலாம், அதையும் விசாரித்துவிட்டேன். உன் அடையாள எண்ணும் கடவுச்சொல்லும் என்னிடம் இன்னும் இருக்கின்றன. நேற்று அந்தப் பக்கத்தைத் திறந்தேன், பிறகு மூடிவிட்டேன். இந்த முறை என் கை அதில் படாது. சுரங்கத்தையே தொடர்வதானாலும், பிள்ளைகளோடு இருப்பதானாலும், இரண்டுமே வேண்டாம் என்றாலும், அது நீயே எடுக்கிற முடிவாக இருக்கட்டும்.

இப்போது சொல்லவேண்டிய ஒன்றைச் சொல்கிறேன், பயப்படாதே. இன்று காலை அப்பா உன்னிடம் வரப் பை கட்டினார். ஆழத்தில் இறங்கி இறங்கிக் காது கெட்டுவிட்டது, விமானம் ஏறவே கூடாது என்று போன மாதம் டாக்டர் சொல்லியிருக்கிறார். அதனால் பஸ்ஸில்தான் வருகிறார், ஒன்றரை நாளுக்கு மேல் ஆகும். தலைநகர் சாந்தியாகோவுக்கு வடக்கே அவர் போனதே இல்லை. அங்கே போய் என்ன பேசப் போகிறீர்கள் என்று கேட்டேன். "பேச என்ன இருக்கு? அவன் பக்கத்துல போய் இருக்கணும்" என்றார். காலையிலிருந்து என்னிடம் பேசியது இது ஒன்றுதான்.

இந்தக் கடிதத்தைக் கதவுக்கு அடியில் தள்ளிவிடும்படி சொல்லி அவரிடம் கொடுத்திருக்கிறேன். நீ இதைப் படிக்கும்போது அவர் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருப்பார். நீ படித்து முடிக்கும்வரை தட்டமாட்டார். நான் அப்படித்தான் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

கடவுள் உன் தலைமேல் கை வைத்துக் காக்கட்டும். நான் கும்பிடுகிற புனிதர்களிடம் உனக்காகப் படிப்பு கேட்கவில்லை, வேலை கேட்கவில்லை. உள்ளே இருந்தபடியே பதில் சொல்லிவிடாதே, அவருக்குக் கேட்காது. எழுந்து வந்து கதவைத் திற, மகனே.

உன் அம்மா,
நெல்தா