ஒருமுறைதான் கேட்டேன்

என் அன்பு அப்பாவுக்கு,

நேற்று உங்கள் சீனக் கிழவர் ஹெர் லியூ கதவைத் திறந்தபோது முதலில் என் கண்ணில் பட்டது அவருடைய இடுப்புப் பட்டி. அதில் புதிதாக ஓர் ஓட்டை. கடையில் போட்டது இல்லை; ஆணியால் குத்தியது, ஓரம் பிசிறிக் கிடந்தது. நீங்கள் மெலிந்துகொண்டு வந்த நாட்களில் உங்கள் பட்டியில் அப்படிக் குத்தித் தந்தவள் நான். அதனால்தான் கண் அங்கே போயிருக்கும்.

அதிலிருந்து என்னால் ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. இதை யாரிடமாவது வாயால் சொல்லப் போனால் பாதி வழியில் நின்றுவிடும் என்று உங்களுக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

உங்கள் திங்கட்கிழமை வேலையை இப்போது நான் செய்கிறேன். உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த அடுத்த வாரம் உங்கள் உணவக முதலாளி ஃபிரௌ சென் எங்கள் வீட்டுக்கு வந்தார். தேயிலைப் பொதியை இரண்டு கையாலும் அம்மாவிடம் நீட்டினார். பிறகு என்னைப் பார்த்து, உணவகம் பூட்டியிருக்கும் திங்களில் சூக் நகரத்தில் உள்ள சீனப் பெண்கள் அங்கே கூடிச் சமைக்கிறார்கள், தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு அதை இவ்வளவு காலமும் கொண்டுபோய்க் கொடுத்தவர் உன் அப்பா, நீ கொடுப்பாயா என்று கேட்டார். பள்ளிக்கூடத்தை இடையில் விட்டுவிட்டு, அம்மாவோடு அலுவலகங்கள் துடைக்கப் போகிறவள் நான். என்னால் ஒன்று முடியும் என்று நினைத்து ஒருவர் வீடு தேடி வந்திருக்கிறார். ஓம் என்று தலையாட்டினேன்.

அம்மா மாறவில்லை. "கோயில் அன்னதானத்துக்கு மரக்கறி வெட்ட வா எண்டா வயித்துக்குத்து. சீனருக்கெண்டா பஸ் பிடிச்சுப் போவா. அப்பன்ர பிள்ளை" என்றார். திட்டினாரா, சந்தோசப்பட்டாரா? உங்களுக்கென்றால் விளங்கியிருக்கும்.

சமையலறைச் சுவரில் தொண்டர்களின் பெயர்களைச் சிவப்புத் தாளில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். உங்கள் பெயரை இன்னும் எடுக்கவில்லை. சீனர் போன ஊரிலெல்லாம் இப்படி ஒரு சங்கம் இருக்குமாம். ஃபிரௌ சென்னின் அக்கா பினாங்கில் இதே வேலை செய்கிறாராம், மச்சான் பாரிசில். முன்னால் வந்தவர்கள் பின்னால் வந்தவர்களுக்கு வேலை தேடிக் கொடுப்பார்களாம். ஆளில்லாமல் செத்தவரை அடக்கம் செய்வார்களாம். சோறு கொடுப்பது அதில் மிகச் சின்ன வேலை என்றார்.

அந்தச் சின்ன வேலையைத்தான் நான் பிழையாகச் செய்தேன்.

முதல் திங்களே ஹெர் லியூ இரண்டு கையையும் ஆட்டி, "நைன், நைன், தேவையில்லை, வேறு யாருக்காவது கொடு" என்றார். மன்னிப்புக் கேட்டுவிட்டுப் படியிறங்கினேன். இந்தச் சுவிஸில் ஒருவர் நைன் என்றால் வேண்டாம்தானே. அப்படித்தான் பள்ளிக்கூடத்தில் எங்களை வளர்த்தார்கள். சாப்பாட்டுப் பெட்டியைத் திருப்பிக் கொண்டுபோனால் ஏன் என்று கேட்பார்கள், கதைக்க வேண்டி வரும். பஸ் தரிப்பிடத்தில் குந்தியிருந்து நானே சாப்பிட்டேன். அடுத்த கிழமையும் அப்படித்தான். நான்கு வாரம். நல்ல ருசியாக இருந்தது, அப்பா.

நேற்றும் அவர் வேண்டாம் என்றார். ஆனால் அந்த ஓட்டையைப் பார்த்தபிறகு பெட்டியைத் திறக்க முடியவில்லை. அப்படியே உணவகத்துக்குத் திரும்பிப் போனேன்.

"ஹெர் லியூவுக்கு எங்கட சாப்பாடு பிடிக்கேல்லையோ?" என்று ஃபிரௌ சென்னிடம் கேட்டேன். நாங்கள் ஜெர்மனில்தான் கதைப்போம். எனக்கு அது எங்கள் தமிழில் இப்படித்தான் கேட்கும்.

"ஏன் கேக்கிறாய்?"

"வேண்டாம் எண்டவர்."

"எத்தினை தரம் கேட்டனீ?"

"ஒருதரம்."

மாவு உருட்டிக்கொண்டிருந்த பெண் ஏதோ சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். "இது அசல் சுவிஸ்காரப் பிள்ளை எண்டு சொல்லுறா" என்றார் ஃபிரௌ சென். "ஒருதரம் கேட்டா அது கேட்டதேயில்லை. முதல் வேண்டாம் மரியாதைக்கு. ரெண்டாவது, நீ மனசாரத்தான் தாறியோ எண்டு பாக்க. மூண்டாந்தரம்தான் ஆள் கை நீட்டும். அப்பா உனக்குச் சொல்லேல்லையோ?"

நீங்கள் சொல்லவில்லையே.

"உன்ர அப்பா கேக்கிறதேயில்லை. லியூவைத் தள்ளிக்கொண்டு உள்ளுக்குப் போய்ச் சோத்தைக் கோப்பையில போட்டு வைப்பார். மரியாதை தெரியாத மனுசன் எண்டு லியூ எனக்கு முறைப்பாடு சொல்லுவார். அடுத்த கிழமை அப்பா அஞ்சு நிமிசம் பிந்தினா, ஆளை எங்கை எண்டு போன் எடுக்கிறதும் அவர்தான்." பிறகு என்னைப் பார்த்தார். "அப்ப முந்தின கிழமைச் சாப்பாடெல்லாம் எங்கை போனது?"

"நான் சாப்பிட்டனான்."

இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. ஃபிரௌ சென் பெட்டியை வாங்கிச் சூடாக்கி என் கையில் வைத்தார். "கெதியா, கெதியா" என்று அவசரப்படுத்தினார், நீங்கள் அந்தச் சமையலறையில் பழக்கிவிட்ட ஒரே தமிழ்ச் சொல்லில்.

பஸ்ஸில் இருந்தபோது ஆஸ்பத்திரியில் அந்தக் கடைசிப் பின்னேரம் நினைவுக்கு வந்தது. "இரவைக்கு நான் நிக்கட்டோ அப்பா?" என்று கேட்டேன். "வேண்டாம் பிள்ளை, நாளைக்கு வேலையெல்லே, போ" என்றீர்கள். நான் போய்விட்டேன். விடிவதற்குள் நீங்களும் போய்விட்டீர்கள்.

அது எத்தனையாவது வேண்டாம், அப்பா? இரண்டாம் தரம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? என்னை வீட்டுக்கு அனுப்பத்தான் உண்மையாகவே விரும்பினீர்களோ? அதை எப்படி அறிவது?

அம்மாவும் இப்போது பின்னேரங்களில் பசியில்லை, ஒன்றும் வேண்டாம் என்கிறார். இனி அவரிடமும் சரி, வேறு யாரிடமும் சரி, முதல் வேண்டாமோடு திரும்ப மாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

நேற்று மறுபடி மணியடித்தேன். ஹெர் லியூ திறந்து, அதே மாதிரிக் கையை ஆட்டினார். "எடுங்கோ" என்றேன். தலையை ஆட்டினார், ஆனால் பார்வை பெட்டியில் இருந்தது. மூன்றாம் தரம் கேட்க வாயைத் திறந்தேன். சொல் வழக்கம்போல் பாதி வழியில் நின்றுவிட்டது. உங்களைப் போல் தள்ளிக்கொண்டு போகவும் எனக்குத் தைரியமில்லை. அவர் வாசலுக்கு முன்னால் படியில், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

அவர் கதவைச் சாத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் உள்ளே அவர் கோப்பை எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது.

எழும்பிச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

உங்கள் சின்ன மகள்,
தர்சி