இந்தக் கை நிறுத்திய துளை

அன்பு மகள் பெரியவளுக்கு அம்மா எழுதிக்கொண்டது. நான் சௌக்கியம், கப்பலும் சௌக்கியம், நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அப்படியே இருக்க வேண்டும். வழக்கமாக மெயில் போடுகிறவள் இந்தத் தடவை பேனாவை எடுத்திருக்கிறேன், வியாழக்கிழமை சாமான் இறக்க வரும் படகில் இது போகும். என் எழுத்து கோணல்மாணலாக இருப்பதை நீ உன் கண்ணாலேயே பார்க்க வேண்டும் என்றுதான். பார்த்தாயா? சரி, இப்போது உட்கார்ந்து படி.

நீ கரையில் இருக்கிற எங்கள் ஆபீசுக்குப் போன் பண்ணி, அம்மாவுக்குக் கை நடுங்குது, வயசும் அறுபதாகப்போகுது, அடுத்த துறைமுகத்துல இறக்கி அனுப்பிடுங்க என்று சொன்னது எனக்குத் தெரிந்துவிட்டது. போன லீவில் நான் டீ கொண்டுவந்தபோது தட்டில் கப் தடதடத்ததை நீ பார்த்துக்கொண்டே இருந்தாய், அப்போதே என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்காமல் ஆபீசில் சொன்னாய், அது நேரே எங்கள் ஆய்வுத் தலைவர் காதுக்கு வந்தது. அவரை நாங்கள் இடிமுழக்கம் என்போம், வாய் கொப்பளித்தால்கூட நாலு அறைக்குக் கேட்கும்.

போன திங்கட்கிழமை கடலடியில் துளை போட்டுக்கொண்டிருந்தோம். குழாயில் ஏறி வருகிற சேற்றில் ஒரு துண்டு வெட்டி, சின்னச் சீசாவில் அடைத்துச் சூடுபண்ணி, மேலே சேர்கிற வாயுவை ஊசியில் உறிஞ்சி மிஷினுக்குக் கொடுப்பதுதானே என் வேலை. மீத்தேன் எவ்வளவு வந்தாலும் கவலையில்லை, அது சேற்றில் இருக்கிற நுண்ணுயிர்களே உண்டாக்குவது. கூட இருக்கிற ஈத்தேன் திடீரென்று ஏறினால்தான் வம்பு, ஆழத்தில் அடைபட்டுக் கிடக்கிற வாயுவை நெருங்கிவிட்டோம் என்று அர்த்தம், அதற்குமேலும் துளைத்தால் கப்பலுக்கே ஆபத்து. அன்றைக்கு ஏறியது. ஒன்றல்ல, மூன்று சீசாவிலும். நான் போனை எடுத்து நிறுத்தச் சொன்னேன், கேப்டன் நிறுத்திவிட்டார். இடிமுழக்கம் நாலு வருஷம் காத்திருந்த துளை அது, பாவம், மத்தியானம் தட்டைத் தொடாமலே எழுந்து போனார்.

மறுநாள் காலை ஒரு தாளோடு வந்தார். கை நடுங்கியதால் ஊசிக்குள் காற்று புகுந்து அளவு தப்பாகிவிட்டது என்று நானே எழுதிக்கொடுக்கிற மாதிரி டைப் அடித்திருந்தது. உங்க பொண்ணே சொல்லியிருக்காங்கம்மா, இதுல வெட்கப்பட ஒண்ணுமில்ல என்றார். அந்த வார்த்தைதான் என்னைச் சுட்டது, உன்னிடம் மறைப்பானேன். நான் கையெழுத்துப் போட்டால் மறுபடி துளைப்பார்கள். போட மாட்டேன் என்றேன். கை நடுங்குகிறது, போன வருஷத்திலிருந்தே நடுங்குகிறது, ஆனால் டீயில் தண்ணீர் கலந்தால் பாலும் சர்க்கரையும் சேர்ந்துதானே நீர்த்துப்போகும், சர்க்கரை மட்டும் எப்படி ஏறும்? காற்று புகுந்தால் மீத்தேனும் ஈத்தேனும் ஒரே மாதிரி குறையும், அவற்றின் விகிதம் எப்படி மாறும் என்று கேட்டேன். மிச்சமிருந்த நாலாவது சீசாவை நீட்டி, உங்க கை ஆடாத கைதானே, நீங்களே எடுங்க என்றேன். எடுத்தார். அதே விகிதம்தான் வந்தது. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனவர் சாயங்காலம் துளையைச் சிமெண்ட் போட்டு அடைக்கச் சொல்லிவிட்டார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.

ஆனாலும் இருபதாம் தேதி அடுத்த துறைமுகத்தில் நான் இறங்க வேண்டும் என்ற ஆபீஸ் உத்தரவு அப்படியே நிற்கிறது, உன் போனுக்காக வந்த உத்தரவு. நீ பாசத்தில்தான் செய்தாய். அப்பா போனதிலிருந்து என்னைப் பற்றிய பயம் உனக்கு, எனக்கும்தான் உன்னைப் பற்றிப் பயம், அதற்காக உன் ஆபீசுக்கு நான் போன் பண்ணினேனா? மாடி அறைக்குப் புதுத் திரைச்சீலை போட்டிருக்கிறாயாம், சந்தோஷம், பேத்தி அங்கே உட்கார்ந்து படிக்கட்டும். அவள் ஆடுகிற பல்லைப் பிடுங்காதே, தானே விழும். குளியலறை கேஸ் கீஸர் பக்கம் வாடை வருகிறது என்று எழுதியிருந்தாய், அதை இன்றைக்கே ஆளைக் கூப்பிட்டுக் காட்டு, ஜன்னலைச் சாத்தாதே.

ஆபீசுக்கு நீ மறுபடி போன் பண்ண வேண்டும். கை நடுங்குகிறது என்று சொன்னதை மாற்றாதே, எனக்காகப் பொய் வேண்டாம். அந்தக் கைதான் நூற்றுப்பத்துப் பேர் இருக்கிற கப்பலில் துளையை நிறுத்தியது என்பதையும் சேர்த்துச் சொல். வாய் வராவிட்டால் விடு, நானே பேசிக்கொள்கிறேன். இருபதாம் தேதி என்னைக் கூட்டிப்போக என்று எட்டு மணி நேரம் காரோட்டிக்கொண்டு வராதே. பேத்திக்குக் கப்பலைக் காட்ட வேண்டுமானால் வா. மேல்தளத்தில் நின்று கையசைக்கிறேன், நடுங்கினால் என்ன, தூரத்திலிருந்து இன்னும் நன்றாகவே தெரியும்.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருங்கள். போன் பண்ண மறக்காதே.

இப்படிக்கு,
இறங்குவதாக இல்லாத உன் அம்மா