சாரலில் நமத்துப்போகாத பிஸ்கட்

ஜூலை 3, வியாழன்

காலையிலிருந்தே சாரல். துவைத்த துணி எதுவும் காயவில்லை. இலஞ்சி சாலை முழுக்க வெளியூர் வண்டிகள். இவருக்குக் குற்றாலம் மெயின் அருவியில் போலீஸ் டூட்டி. சீசன் முடிகிறவரை அங்கேதான்.

நேற்று இவருக்குச் சர்க்கரை பார்த்துவிட்டு டாக்டரம்மா சொன்னது காதிலேயே நிற்கிறது. "ஏட்டையா, கடை பன்னையும் ரஸ்க்கையும் விடலைன்னா அடுத்த தடவை மாத்திரை கிடையாது, ஊசிதான்." இவர் நன்றாகத் தலையாட்டினார். திரும்பும் வழியில் டீக்கடையில் ஒரு பன். என் கண் முன்னாலேயே. ஊசி என்றால் பயம், பன் என்றால் உயிர். என்ன மனுஷனோ.

திட்டிப் பயனில்லை. டீயில் பன்னை நனைத்தே பழகிய வாய். பதிலுக்கு ஏதாவது கொடுத்தால்தான் விடும். தம்பி வாங்கித் தந்த ஓவனில் இதுவரை அப்பளம் மட்டும்தான் சுட்டிருக்கிறேன். இனி ரொட்டி. ஓட்ஸ் போட்டு.

வாங்க: ஓட்ஸ், ஈஸ்ட், வெண்ணெய் கொஞ்சம். கோதுமை மில்லுக்கு.

ஜூலை 5, சனி

தோல்வி. இட்லி மாவுப் பழக்கம் கையை விட்டுப் போகவில்லை. ரொட்டி மாவை இளக்கமாகக் கரைத்து, பெரிய பானையில் ஊற்றி, பொங்கட்டும் என்று விடியும்வரை விட்டுவிட்டேன். காலையில் பார்த்தால் பொங்கி வழிந்து, அமுங்கி, வீடு முழுக்கப் புளித்த வாடை.

இவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னட்டி, வீட்டுக்குள்ள கள்ளுக்கடை போட்டுருக்கியா? நான் போலீஸ்காரன், மறந்துராத."

ஆத்திரத்திலும் சிரிப்பு வந்தது. தோசையாக வார்த்துப் பார்த்தேன். தெரு நாய் மோந்துவிட்டுப் போய்விட்டது.

ஜூலை 6, ஞாயிறு

ரொட்டி வந்துவிட்டது. எனக்கே வந்துவிட்டது.

இந்தத் தடவை பரோட்டா மாவுப் பதம். நன்றாக அடித்துப் பிசைந்து, பிரிட்ஜுக்குப் பின்னால் வைத்தேன். இந்தக் குளிருக்கு வீட்டில் கதகதப்பான இடம் அது ஒன்றுதான். உப்பியதும் மேலே ஓட்ஸ் தூவி ஓவனில். வாசனை பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுச் செல்வி வந்தாள். இவரோடு அருவியில் டூட்டி பார்க்கிற பெண் போலீஸ். "என்னக்கா, பேக்கரியா வச்சிருக்கீங்க?" இரண்டு துண்டு தின்றாள், கேட்டு வாங்கி.

இவர் ஒரு துண்டு. "நல்லாத்தான் இருக்கு." கடனுக்குச் சொன்னது.

ஜூலை 8, செவ்வாய்

டூட்டியில் டீயோடு தின்ன ஓட்ஸ் பிஸ்கட் சுட்டு, டப்பா நிறையக் கொடுத்துவிட்டேன். சாயங்காலம் அப்படியே திரும்பி வந்தது. "நேரமில்லட்டி, கூட்டம்."

செல்வியிடம் கேட்டேன். மழுப்பினாள். பிறகு, "கோவிச்சுக்கிடாதீங்கக்கா. ஏட்டையா டீக்கடையில பன்னுதான் திங்காவ."

அடுப்படியில் நின்று அழுதேன். ஊசி போட்டுக்கொள்ளப் போவது இவர், அழுவது நான். ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தேன். சவசவ. நாள் முழுக்க அருவிச் சாரலில் இருந்தால் முறுக்கே நமத்துப்போகும், இது எந்த மூலைக்கு. பாதித் தப்பு பிஸ்கட் மேல். மீதி இவர் மேல்.

ஜூலை 10, வியாழன்

ஓட்ஸைத் தனியாக வறுத்தேன். நிலக்கடலை, சுக்கு, துளிதான் கருப்பட்டி. ரஸ்க் மாதிரி இரண்டு தடவை சுட்டேன். டப்பா அடியில் வறுத்த அரிசியைத் துணியில் முடிந்து போட்டேன், ஈரத்தை அது குடித்துக்கொள்ளும். சர்க்கரையில்லாத டீயில் முக்கிப் பார்த்தேன். உடையவில்லை. கடித்தால் சத்தம் அடுத்த அறைக்குக் கேட்கும்.

என்னை நானே மெச்சிக்கொண்டேன். இந்த வீட்டில் வேறு யார் மெச்சப்போகிறார்கள்.

ஜூலை 11, வெள்ளி

டப்பா காலி. நம்பவில்லை. செல்விக்கு இன்று லீவு, விசாரிக்க ஆளில்லை. யாருக்குத் தூக்கிக் கொடுத்தாரோ.

மின்வாரியத்துக்குப் போன் செய்ய வேண்டும். தெருவிளக்கு எரியவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

சாரல், நடுவில் கொஞ்சம் வெயில். இவர் வந்தபோது யூனிபார்ம் முழங்காலில் சேறு. முழங்கையில் சிராய்ப்பு. கையில் டப்பா இல்லை. கேட்டால் முறைக்கிறார்.

பின்னாலேயே செல்வி, சிரிப்பை அடக்க முடியாமல். அருவிக்கரையில் இவர் டீயை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், டப்பாவைத் திறப்பதற்குள் குரங்கு தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறது.

"ஏட்டையா லத்தியோட பின்னாலயே ஓடுதாவக்கா. சிப்ஸ் கடைக் கூரை மேல ஏறிட்டாவ. குளிக்க வந்தவுகல்லாம் வீடியோ எடுக்காவ. டீக்கடைக்காரரு, 'எறங்குங்க அண்ணாச்சி, பன்னு தாரேன்'னு கெஞ்சுதாரு. காதுலயே வாங்கல."

நான் இவரைப் பார்த்தேன். இவர் சுவரைப் பார்த்தார்.

"அந்த டப்பா போச்சு. நாளைக்கு வேற டப்பாவுல வையி. மூடி இறுக்கமா இருக்கணும்."

அம்மா வீட்டுச் சீரில் வந்த எவர்சில்வர் டப்பா. மூடியில் என் பேர் வெட்டியிருக்கும். வேறு எதற்காகத் தொலைத்திருந்தாலும் ஒரு வாரம் இவரோடு பேசியிருக்க மாட்டேன். குரங்கே வைத்துக்கொள்ளட்டும்.