பார்சலில் போன கோடிச் சீலை

சித்திரை 12, வியாழன்

மூத்த பேரன் டாக்டருக்குப் படித்து முடித்தான். சின்னவன் கல்லூரியில் முதல் மார்க். பேத்தி நித்யாவுக்குப் பெங்களூரில் பெரிய வேலை, போன தையில் கல்யாணமும் ஆயிற்று. ஐந்தாவதோடு நின்ற எனக்கு இதற்கு மேல் என்ன வேண்டும் என்றுதான் இன்று காலை வரை இருந்தேன்.

போன வாரம் நித்யா போனில் கேட்டாள்.

"அம்மாயி, இந்த வெயிலுக்கு எனக்கு எல்லாமே வெள்ளை, சந்தனம், சாம்பல்தானுங்க. கலர்ல ரெண்டு மூணு இருக்கு, அது போதும். உங்க பழைய காட்டன் சீலை இருந்தா அனுப்புங்க, சட்டை தெச்சுக்கறேன்."

என்னிடம் கேட்கிறாளே என்ற பூரிப்பில், பெட்டியில் கைக்கு வந்த ஐந்து வெள்ளைச் சீலைகளைப் பார்சலில் போட்டுவிட்டேன்.

இன்று அந்தச் சட்டையோடு போட்டோ போட்டிருக்கிறாள். தோளில், எலி கடித்த இடத்தில் நான் போட்ட ஒட்டு அப்படியே தெரிகிறது. ஓடிப்போய்ப் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். அவள் தாத்தா போனபோது என் அண்ணன் எனக்குப் போர்த்திய கோடிச் சீலை அங்கே இல்லை.

உடனே கூப்பிட்டேன். "கண்ணு, அந்தச் சட்டையக் கழட்டிப் போட்டுரு."

"ஏனுங்க அம்மாயி? அவரே நல்லாருக்குன்னு சொல்லிட்டாரு. உங்களுக்குப் பொறாமைங்களா?" என்று சிரிக்கிறாள்.

காரணத்தை எப்படிச் சொல்வேன்? வாயால் சொன்னாலே பலித்துவிடுமோ? மாப்பிள்ளை தினமும் பைக்கில் போகிறவர். என் கையாலேயே அனுப்பினேனே, தாயே.

கண்ணு, உன் கல்யாணத்துக்கு எடுத்த அந்த அரக்குச் சீலையைக் கட்டி, பொட்டு வைத்து, புதுசாக ஒரு போட்டோ போடு. மாப்பிள்ளையும் பக்கத்தில் நிற்கட்டும்.